பஸ்ஸுல எடமில்ல

நீங்களும் அதையேதான் கேள்விப்பட்டிருக்கீங்க. பஸ்ஸுல எடமில்லாமப் போச்சு, அதனால பொன்னுவேலு பரீட்சைக்குப் போக முடியல, போயிருந்தா இன்னிக்கு எஸ்டேட்டு ரைட்டரா இருந்திருப்பான். அதான? மஞ்சக்குட்டை வரைக்கும் போயிருச்சா அந்த நாயம். போகும் போகும், சிரிக்கறதுக்குத் தோதான கததான் அது. ஆனா தம்பி, நா அத பல வருசமா நம்பலீங்க. அவன் வாயால எங்கிட்டச் சொன்னதுதான், மொதமொதல்ல கேட்டவனே நாந்தான், இருந்தும் நம்பல. நம்பலைன்னு ஊர்ல யார்கிட்டயும் சொன்னதும் இல்ல.

சித்த இப்புடி உள்ளார தள்ளி உக்காருங்க. பெஞ்சு நனஞ்சிருக்கும், இந்தத் துண்ட விரிச்சுக்கோங்க. இந்த மஞ்சு மூட்டத்துல மொத பஸ்ஸு நேரத்துக்கு வராதுங்க. ரோடு தெரியாம உருட்டிக்கிட்டுத்தான் வருவாரு டிரைவரு. ஆமாங்க, இந்தக் கட நம்முளுதுதான். முகமது யூசுப்னு பேரு. அந்தப் பேரச் சொன்னா நாகலூர்ல யாருக்கும் தெரியாது, பாய் கடைன்னாத்தான் கையக் காட்டுவாங்க. தொறந்திருந்தா இந்நேரம் உங்களுக்கு சூடா ஒரு டீ போட்டுக் குடுத்திருப்பேன். இன்னிக்கு தொறக்கலீங்க. ஒண்ணுமில்ல, சும்மாதான்.

அப்ப நீங்க சேலத்துக்கு டுட்டோரியல்ல கேட்டுட்டு வரத்தான் போறீங்க. ம். ஜீப்பு ஓட்டியே காலத்தத் தள்ளிரலாம்னு இருந்தா, நல்ல வேலைன்னு கேக்கப்போன எடத்துல எட்டாவது பாசான்னு கேட்டுட்டாங்க. ஊட்ல சம்சாரம் வேண்டாங்குது. மாமனாரு பொன்னுவேலு கதையச் சொல்லிச் சிரிக்கறாரு. இந்த வயசுல போயி பெஞ்சுல உக்காந்தா கெடைக்கறது பெருசா, போறது பெருசான்னு எங்கிட்டக் கேக்கறீங்க. நா என்னத்தச் சொல்றதுங்க, நானே அஞ்சாவதோட நின்னவன். பொன்னுவேலும் நானும் ஒண்ணாத்தான் நின்னோம். நா எங்கத்தா கடைக்கு வந்துட்டேன், அவன் எஸ்டேட்டுக்குப் போயிட்டான்.

அவன் என்னாத்துக்கு மறுபடியும் படிக்கப் போனான்னு அத மொதல்ல சொல்லிடறேன். மேல எஸ்டேட்ல ஆளுங்க பேர் கூப்பிட்டுக் கணக்கெழுதற பழைய ரைட்டருக்கு வயசாயிருச்சு. தொரை இவனக் கூப்பிட்டு, பொன்னுவேலு, உனக்கு ஆளுங்களத் தெரியும், காடு தெரியும், எட்டாவது மட்டும் பாசாயிட்டு வந்துரு, அந்த எடம் உனக்குன்னுட்டாரு. அவனுக்கு அப்ப நாப்பது வயசு இருக்கும். பொண்ணு காவேரிக்கு மாப்பிள பாத்துக்கிட்டிருந்தாங்க. இங்க ஸ்கூல்ல பழனிசாமின்னு ஒரு வாத்தியாரு, நல்ல மனுசன். பெரியவங்களுக்குன்னு பொழுதோட, வெளக்கு வெக்கற நேரத்துல ஒரு வகுப்பு வெச்சாரு. என்னையுங்கூடக் கூப்பிட்டாரு, நீங்களும் வாங்க பாய்னு. கடைய யாருங்க பாக்கறதுன்னேன். உள்ளாரருந்து கதீஜா, நாந்தான் பாக்கறேன், போயிட்டு வாங்களேங்கறா. கதீஜா எங்கூட்டுக்காரி. நா சிரிச்சு மழுப்பிட்டேன். பொன்னுவேலு போனான். இன்னும் பல பேரு போனாங்க. மழை புடிச்சதும் ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க, கடைசியில பொன்னுவேலு ஒருத்தந்தான். ஒருத்தனுக்காக எதுக்கு வெளக்கேத்தறதுன்னு வாத்தியாரு, எஸ்டேட்ல வேலையில்லாத நாள்ல பகல்லயே வந்துருப்பா, எட்டாவது பசங்களோட கடைசி பெஞ்சுல உக்காந்துக்கோன்னுட்டாரு.

மொத நாளு நடந்தது இருக்குதே, அது மிட்டாய் வாங்க வந்த புள்ளைங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். எஸ்டேட்ல வெடியால ஆளுங்களுக்குப் பேர் கூப்பிடுவாங்கல்ல, பெரட்டுன்னு சொல்வாங்க. மழைக்கும் குளுருக்கும் ஆம்பள பொம்பள அத்தன பேரும் சாக்க மடிச்சு தலையோட கொங்காணி போட்டுக்கிட்டு நிப்பாங்க. அந்த மஞ்சுல யாரு எவருன்னு தெரியாது. வெறுங்குரலு குடுத்தா ரைட்டரு நம்ப மாட்டாரு, வராதவளுக்கு வந்தவ குரல் குடுத்துருவா. அதனால பேரச் சொன்னா கொங்காணியக் கழட்டி, ரெண்டடி முன்னால வந்து, மொகத்தக் காட்டோணும். ரைட்டரு இன்ன காடுன்னு கையக் காட்டுவாரு, அப்புடியே நடந்துரோணும். சின்னப் பையனா இருந்ததுலருந்து பொன்னுவேலுக்கு அதுதான் பழக்கம்.

வாத்தியாரு அட்டென்டன்ஸ் எடுக்கறாரு. பொன்னுவேலுன்னு கூப்பிட்டாரு. இவன் எந்திரிச்சான், தலையில கட்டியிருந்த துண்ட அவுத்தான், முன்னால வந்து மொகத்தக் காட்டினான், அப்புடியே வாசல் வழியா வெளிய நடந்துட்டான். வாத்தியாரு பின்னாடியே வந்து, எங்கப்பா போறேன்னு கேட்டா, எந்தக் காடுன்னு நீங்க சொல்லவே இல்லீங்களேங்கறான்.

சிரிங்க சிரிங்க, அதுக்கென்ன. புள்ளைங்க ஒரு மாசம் சிரிச்சாங்க. இந்த ரோட்டுல அவன் நடந்து போனா, பொடுசுங்க எல்லாம் தலையில கர்ச்சீப்பக் கட்டி அவுத்துட்டு அவன் பின்னாலயே வரிசையா நடக்கும். அவனும் கூடச் சேந்து சிரிப்பான். ஆனா எங்கிட்டத் தனியாச் சொன்னான், பாய், பேர் கூப்பிட்டா காலு தானா எந்திரிக்குது, ரெண்டு கையாலயும் பெஞ்சப் புடிச்சுக்கிட்டுத்தான் உள்ளேன் ஐயாங்கறேன்னு.

ஆசையாத்தான் படிச்சான் தம்பி, அதுல பொய்யில்ல. ஒரு நாளு வந்து, மேப்புல நம்ம மலையப் பாத்தேன் பாய்ங்கறான். எப்புடி இருக்குதுன்னேன். நீ டீ ஆத்தறப்ப பலகையில ஒரு சொட்டு சிந்திக் காஞ்சு கெடக்குமே, அவ்வளவுதான் இருக்குது, இத்தன சனமும் இத்தன காடும் அந்தச் சொட்டுக்குள்ளதான் இருக்கறோம்னான். சொல்லிட்டு நொம்ப நேரம் அந்தப் பலகையவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான். எனக்கு அன்னிக்கு அவன் மேல பொறாமையா இருந்துச்சு. எதுக்குன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியல.

இதையே கொண்டுபோயி எஸ்டேட்ல சொல்லியிருக்கான். அங்க மாதையன்னு ஒருத்தன், இவன் கூடவே காட்டுல நிக்கறவன், வாய்க்காரன். கலெக்டரு வந்துட்டாருங்கோ, சாக்க ஒதறி விரிங்கன்னானாம். அன்னிலருந்து இவனுக்கு கலெக்டருன்னே பேராயிருச்சு. அதாவது பரவால்லைங்க, கேலிதான. கஞ்சி குடிக்கற நேரத்துல இவன் போயி உக்காந்தா பேச்ச நிறுத்த ஆரம்பிச்சுட்டாங்க. இவன் ரைட்டரே ஆகல, அதுக்குள்ள ரைட்டரு வந்து பக்கத்துல உக்காந்த மாதிரி ஆயிருச்சு. ஊட்லயும், படிக்கற மனுசனத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு பாவாயி சோத்த வெச்சுட்டு நகந்துக்கும். பாவாயி அவன் சம்சாரம். அதுவும் அதே எஸ்டேட்ல காப்பிப் பழம் பறிக்கறதுதான். அதுக்கு முன்ன வரைக்கும் பொழுதோட வேல விட்டு ரெண்டு பேருமா இந்த பெஞ்சுக்குத்தான் வருவாங்க. ஒரு டீய ரெண்டு டம்ளர்ல ஊத்தி ஆளுக்குப் பாதி குடிச்சுக்கிட்டு, அன்னிக்கு யாரு வழுக்கி விழுந்தா, எவ ரைட்டர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டான்னு பேசிச் சிரிச்சுட்டுப் போவாங்க. அந்த வருசம் அவன் தனியாத்தான் வந்தான். முழு டீ குடிச்சான்.

படிப்புன்னா பீசு மட்டும்தான் செலவுன்னு நெனச்சுக்காதீங்கன்னு சொல்ல வந்தேன். வேண்டாங்கறேன்னும் நெனச்சுக்காதீங்க. இருங்க, முழுசும் சொல்லிடறேன்.

பரீட்சைக்குக் கொஞ்ச நாளுதான் பாக்கி. ரைட்டர் வேலைன்னா ஆளுங்க பேரத் தடுமாறாம உரக்க வாசிக்கோணும்னு பழைய ரைட்டரு கழிச்சுப் போட்ட பேர்ப் பட்டியல் ஒண்ணக் குடுத்து ஊட்ல பழகுன்னாரு. ஐப்பசி மழை. பாவாயி வெறகு எடுத்துட்டு நனஞ்சு வந்து, கொங்காணியோடவே அடுப்பு முன்னால குந்தித் தீயூதிட்டு இருக்குது. இவன் வெளக்கடியில உக்காந்து வாசிக்கறான். ரைட்டரு எப்புடிக் கூப்பிடுவாரோ அதே இழுப்பு, அதே அதட்டல். ஆராயி. சின்னன். இப்புடியே ஒவ்வொண்ணா வந்தவன், பாவாயின்னுட்டான்.

அந்தப் புள்ள விருட்டுனு எந்திரிச்சு, கொங்காணியக் கழட்டி, ரெண்டடி முன்னால வந்து, மொகத்தக் காட்டிக்கிட்டு நின்னுருச்சு.

கட்டுன நாள்லருந்து அவன் அவ பேர வாயால சொன்னதில்லீங்க. ஏ புள்ளைம்பான், இல்லாட்டி காவேரி அம்மாம்பான். மொதத் தடவையாச் சொன்னான், அது இப்புடி ஆயிருச்சு.

அவன் சொல்லலீங்க, இத அவன் இன்னி வரைக்கும் எங்கிட்டச் சொன்னதில்ல. பாவாயிதான் கதீஜாகிட்டச் சொன்னது. ரெண்டு பேரும் உள்ளார உக்காந்து கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சிருக்காங்க. கதீஜா எங்கிட்ட வந்து, முக்காட்ட இழுத்து விட்டுட்டு அதே மாதிரி நின்னு காட்டினா. நானும் சிரிச்சேன். அப்பறமாக் கேட்டேன், அவன் சிரிச்சானான்னு. அத நா கேக்கலீங்களேன்னா.

பரீட்ச அன்னிக்கும் இதே மாதிரி மஞ்சு. வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு வந்தான். தலைக்கு எண்ண வெச்சு வாரியிருந்தான், காவேரிதான் வாரி விட்டிருக்கும். டீ குடிச்சிட்டுப் போடான்னேன். வேண்டாம் பாய், சேலம் போற வரைக்கும் வழியில எறங்க முடியாதுன்னுட்டான். இதோ, உங்க காலுக்கு நேரா, அந்த ரோட்டோரத்துல போயி நின்னான். நின்னதுதான் தெரியும், மஞ்சு மூடிருச்சு. பஸ்ஸு வர்ற சத்தம் கேட்டுது. நின்னுது. நொம்ப நேரம் நின்ன மாதிரிதான் எனக்கு இருந்துச்சு. விசிலு கேட்டுது, கெளம்பிருச்சு. நா மனசுக்குள்ள அவனுக்காக துஆ கேட்டுட்டு பால அடுப்புல வெச்சேன். பாலு பொங்கறதுக்குள்ள மஞ்சுக்குள்ளருந்து ஒரு வெள்ளச் சட்ட வருது. பஸ்ஸுல எடமில்ல பாய்னான். ஒரு டீ போடுன்னான். போட்டுக் குடுத்தேன். பாதி குடிச்சான், பாதிய அப்புடியே வெச்சுட்டு ஊட்டுக்கு நடந்துட்டான்.

நீங்களே சொல்லுங்க தம்பி, நம்ம மலையில ஓடற பஸ்ஸுல எடமில்லைன்னு எந்தக் கண்டக்டராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா. பலாப்பழ மூட்டைக்கு எடமிருக்கும், ஆட்டுக்குட்டிக்கு எடமிருக்கும், படியில தொங்கறவன் முதுகப் புடிச்சுக்கிட்டு இன்னொருத்தன் தொங்குவான். அதுவும் மொத பஸ்ஸு. இங்க வர்றப்ப முன்னால நாலு பேரு தூங்கிக்கிட்டு இருப்பாங்க, அவ்வளவுதான்.

கண்டக்டரக் கேட்டிருக்கலாம்தான். கேக்கறேன்னு கெளம்பினேன், கதீஜாதான் விடல. காலியாத்தான் வந்துதுன்னு அவரு சொல்லிட்டா, அத வெச்சுக்கிட்டு நீங்க என்னங்க பண்ணுவீங்க, அதுக்கப்பறம் பொன்னுவேலு மொகத்தப் பாத்து எப்புடி டீ ஊத்துவீங்கன்னா. எடமில்லைன்னு மனுசன் சொல்லிட்டாருல்ல, எடமில்லாமயே இருந்துட்டுப் போகட்டுமேன்னா. அவளுக்கு அப்புடி ஒரு மனசுங்க. எனக்குத்தான் ஆறல.

என்னென்னமோ நெனச்சுப் பாத்துட்டேன். பெயிலாயிருவோம்னு பயந்துட்டானோன்னு நெனச்சேன். பழனிசாமி வாத்தியாரு, கட்டாயம் தேறியிருப்பான், கணக்குல சந்தேகமே இல்லைன்னு சொல்லி வருத்தப்பட்டாரு. மாதையன் கேலிக்குத் தாங்க மாட்டாமயான்னு நெனச்சேன். அதுக்கெல்லாம் அசையற ஆளில்ல அவன். அப்பறம் அந்தக் கொங்காணி நெனப்பு வரும். ரைட்டராயிட்டா தெனம் வெடியால அவ பேர அந்தக் குரல்ல கூப்பிடோணும். தெனம் அவ கழட்டிட்டு முன்னால வந்து நிக்கோணும். இவன் காட்டற காட்டுக்கு அவ போகோணும். பொழுதோட அவ பறிச்ச பழத்த இவன் நிறுக்கோணும், கொறஞ்சா கொறச்சு எழுதோணும். அப்பறம் ஊட்டுக்கு வந்து ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சோறு திங்கோணும்.

இதச் சொன்னா கதீஜா ஒத்துக்க மாட்டா. அதெல்லாம் நீங்களா சோடிக்கறதுங்கன்னுவா. பரீட்ச அன்னிக்குப் பொழுதோட பாவாயி வந்து வெல்லம் வாங்கிட்டுப் போச்சு. எங்கூட்டுக்காரருக்கு பஸ்ஸுல எடமில்லையாமாங்கன்னு, தலைய நிமுத்தாமச் சொல்லுச்சு. வெல்லம் எதுக்குன்னு கதீஜா கேட்டதுக்கு, கச்சாயம் சுடலாம்னுங்கன்னுச்சு. அந்தக் கச்சாயம் சந்தோசத்துக்கா, ஆறுதலுக்கான்னு எங்களுக்குள்ள ஒரு சண்ட. மனசு நொந்து வந்த மனுசனுக்கு இனிப்பா எதாவது சுட்டுக் குடுக்கறாங்கறது கதீஜா கட்சி. போன ஆளு திரும்பி வந்துட்டான்னு சுடறாங்கறது என் கட்சி. வருசக்கணக்கா இந்தச் சண்டதான். வேற சண்டைக்கு எங்களுக்கு விசயம் இல்ல.

ரைட்டரு வேலைக்கா. குப்பனூர்லருந்து ஒரு பையனப் போட்டாங்க, பத்தாவது படிச்சவன். வந்த மறு மாசமே பழம் கொறையுதுன்னு பாவாயிக்கு அரை ஆளுன்னு எழுதிட்டான், பாதிக் கூலிதான். பொன்னுவேலு பக்கத்துலயே நின்னான், வாயத் தொறக்கல. பாத்தீங்களா, அன்னிக்கு பஸ்ஸு கெடச்சு இவரு ரைட்டராகியிருந்தா அந்தப் புள்ளைக்கு இந்தக் கதி வருமான்னு கதீஜா கேட்டா. இவன் ரைட்டரா இருந்திருந்தாலும் கொறஞ்சத கொறைன்னுதான் எழுதியிருக்கோணும், எழுதலைன்னா தொரை விடுவாரான்னேன் நான். அதுக்கு அவ, அதனாலதான் நீங்க படிக்கப் போகலையாக்கும்னா.

அதுக்கு என்ன அர்த்தம்ங்களா, சொல்றேன். அவ என்ன சொன்னான்னா, நீங்க பொன்னுவேலப் பத்தி யோசிக்கலீங்க, உங்களப் பத்தித்தான் யோசிக்கறீங்க, அவரு ஏறாததுக்கு ஒரு நல்ல காரணம் கெடச்சா நீங்க ஏறாததுக்கும் அது தோதாப் போகும்னு பாக்கறீங்கன்னா. எனக்குக் கோவம் வந்துருச்சு. கல்லாப்பெட்டிய மூடி வெச்சுட்டு மேல ரோட்டுல போயி நின்னுக்கிட்டேன். சில்வர் ஓக்கு மரத்துல மொளகுக்கொடி ஏறியிருக்குமே, அதப் பாத்துக்கிட்டே நின்னேன். அவ சொன்னது நெசமா இருந்தாலும் இருக்கும். இன்னிக்கும் எனக்குச் சரியாத் தெரியல. ஒருத்தன் மனசுல இருந்ததுன்னு நா சொல்றது, அவன் மனசுல இருந்ததா என் மனசுல இருந்ததான்னு எப்புடிங்க பிரிச்சுப் பாக்கறது.

இருக்கறாங்க, பொன்னுவேலும் பாவாயியும் நல்லா இருக்கறாங்க. காவேரியக் கட்டிக்குடுத்துட்டாங்க, பேரன் பேத்தி இருக்குது. இன்னும் அதே எஸ்டேட்டுதான், அதே பெரட்டுதான். அந்தப் பையன் பேரக் கூப்பிட்டா ரெண்டு பேரும் கொங்காணியக் கழட்டிட்டு முன்னால வர்றாங்க. பொழுதோட இங்க வந்து, இந்த பெஞ்சுலதான், ஒரு டீய ஆளுக்குப் பாதி குடிக்கறாங்க. அவன் கண்ணுக்குப் பார்வ கொறஞ்சுருச்சு, பாவாயிதான் டம்ளரக் கையில குடுக்குது. அதப் பாக்கறப்ப, இவன் ஒண்ணும் கெட்டுப் போயிடலைன்னு தோணும். மறு நாளே, எங்காவது பேப்பருல சுத்திக் குடுத்த பொட்டலத்தப் பிரிச்சு, அந்தப் பேப்பரக் கண்ணுக்கிட்ட வெச்சுக்கிட்டு எழுத்தெழுத்தா வாசிச்சுட்டு இருப்பான். அப்ப வேற மாதிரி தோணும். இதுல எது பெருசுன்னு நா உங்களுக்கு எப்புடிச் சொல்றது.

உங்க சம்சாரம் வேண்டாங்குதுன்னீங்களே, எதுக்குன்னு கேட்டீங்களா. காசுக்குன்னுதான் சொல்லும். ஒருக்கா சரியாக் கேட்டுப் பாருங்க. அது காசுக்கு இல்லாம வேற எதுக்காகவாவது இருக்கும். சொல்லத் தெரியாம காசுங்கும். கேட்டுட்டுப் போனீங்கன்னா, போனாலும் சரி, போகாட்டியும் சரி, திரும்பி வர்றதுக்கு ஊடுன்னு ஒண்ணு இருக்கும்.

எனக்குங்களா. கதீஜா போயி ரெண்டாவது நோம்பும் வந்துட்டுப் போயிருச்சுங்க. காச்சல்னு படுத்தா, ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், திரும்பி வரல. ஆயிஷா சேலத்துல இருக்கா, எம் பொண்ணு. அத்தா, கடைய வித்துட்டு இங்க வந்துருங்கங்கறா. மருமவன் நல்ல மாதிரிதான். அங்க போயி அவங்க ஊட்டு டி.வி. முன்னால உக்காந்துக்கோணும். வர்றேம்மா வர்றேம்மான்னுட்டு இங்கயே இருக்கறேன். கடையச் சாத்தினா பேசறதுக்கு ஆளில்லைங்க. சண்ட போடவும் ஆளில்ல. கச்சாயம் சந்தோசத்துக்கா ஆறுதலுக்கான்னு இப்ப ரெண்டு கட்சியும் நானே பேசிக்கறேன்.

இந்த வருசம் ஸ்கூல்ல திரும்பியும் பெரியவங்களுக்கு வகுப்பு வெச்சாங்க. சரஸ்வதின்னு ஒரு டீச்சரம்மா. கரண்டு போயிருதுன்னு வெளக்குக்கு மண்ணெண்ண கேட்டாங்க, கொண்டுபோயி குடுத்தேன். பேர் எழுதிக்கிட்டிருந்தாங்க, நீங்க யாருங்கன்னாங்க. பாய்னேன். பேரு சொல்லுங்கன்னாங்க. சொன்னேன். மறு நாளு அந்தப் பக்கமா சும்மா போனேன், நெசமா சும்மாதான் போனேன். ஜன்னலுக்கு உள்ளாரருந்து முகமது யூசுப்னு கூப்பிட்டாங்க. எங்கம்மா மவுத்தானதுக்கு அப்பறம் அந்தப் பேரச் சொல்லி என்னய யாரும் கூப்பிட்டதில்லீங்க. கதீஜாவுக்கு நா ஏனுங்கதான். அந்த ஏனுங்கவும் போயி, ஊருக்குப் பாயா மட்டும் மிஞ்சிட்டேன். பேரக் கேட்டதும் காலு தானா உள்ளார போயிருச்சு. போயி உக்காந்து, உள்ளேன் டீச்சர்னேன். அன்னிலருந்து ஒரு நாளும் விடல.

ஆமாங்க. எட்டாவதுதான். இன்னிக்குத்தான் மொதப் பரீட்ச, தமிழு. பாஸ் பண்ணி என்ன பண்ணப் போறேன்னு கேக்காதீங்க, எனக்கு எந்த எஸ்டேட்டும் வேல தரப்போறதில்ல. பேனா ரெண்டு எடுத்துக்கிட்டேன், குளுருக்கு ஒண்ணு எழுத மாட்டேங்குது. அந்தா, சத்தம் கேக்குதுங்களா. பாலத்தத் தாண்டிட்டான். இன்னும் ஒரு வளைவுதான். எந்திரிங்க தம்பி, துண்டக் குடுங்க, தலைக்குக் கட்டிக்கறேன்.

நேத்துப் பொழுதோட பொன்னுவேலும் பாவாயியும் வந்தாங்க. நாளைக்குக் கட இல்லைன்னு சொன்னேன், எதுக்குன்னு சொன்னேன். பாவாயி டம்ளரக் கழுவிக் குடுத்துட்டு முன்னால நடந்துருச்சு. இவன் மட்டும் சித்த நேரம் உக்காந்திருந்தான். இத்தன வருசமா மனசுல வெச்சிருந்ததக் கேட்டுப் போடலாம், அன்னிக்கு எடம் இருந்துதா இல்லையாடான்னு கேட்டுப் போடலாம்னுதான் வாயத் தொறந்தேன். அது வரலீங்க, வேற ஒண்ணுதான் வந்துச்சு. பொன்னுவேலு, நாளைக்கு அந்த பஸ்ஸு வந்து நின்னு, எனக்கும் காலு எந்திரிக்காமப் போச்சுன்னா, திரும்பிப் போயி நா யாருகிட்டடா எடமில்லைன்னு சொல்லுவேன்?